எண்பதில் வந்த உதறல்

2001 விஜயதசமி அன்று காலை ஆறரை மணிக்கு மாருதி உதறியது. வேலூர் ரோட்டில், வேகம் எண்பதைத் தொட்டதும். அதுவரை சமர்த்தாக வந்த வண்டிதான். ஸ்டியரிங் ரேவதியின் பிடிக்குள் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. வேகத்தைக் குறைத்தாள், அடங்கிவிட்டது.

"வண்டி நடுங்கல. உன் கைதான் நடுங்குது" என்றான் பக்கத்தில் இருந்த கணவன் சுரேஷ்குமார்.

அவள் லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம். அடுத்த ஞாயிறு வேலூரில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். ரேவதிதான் ஓட்டுவதாகப் பேச்சு. வீடு வந்ததும் சாவி சுரேஷ்குமாரின் சட்டைப்பைக்குப் போனது.

"நீங்க ஓட்டிப் பாருங்க."

ஓட்டினான். எண்பதில் அவனுக்கும் உதறியது.

"ரோடு சரியில்ல."

"நான் ஓட்டுனா கை, நீங்க ஓட்டுனா ரோடா?"

மாமியார் பச்சையம்மாள் தீர்ப்புச் சொன்னாள்: "ரெண்டும் இல்ல, கண்ணு பட்டிருக்குது." ஆயுதபூஜைக்கு நசுக்கியது போதாதென்று சக்கரத்துக்கு ஒன்றாக மறுபடி எலுமிச்சம்பழம் நசுங்கியது. உதறல் குறையவில்லை.

ரேவதியின் வேங்கிக்கால் ஆபீஸில், கூட வேலை பார்க்கும் சந்திரகலாவின் மாருதி நின்றது. ரேவதி குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். ரிம் ஓரத்தில் விரல் அகலத்தில் ஒரு ஈயத்துண்டு. நான்கிலும் இருந்தது. சாயங்காலம் தன் வண்டியைப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை.

"இங்க இருந்த ஈயம் எங்க?"

"அதுவா? பூஜைக்குக் கழுவுறப்ப அழுக்காட்டம் ஒட்டிட்டிருந்துச்சு. ஸ்க்ரூடிரைவரால நோண்டிப் போட்டுட்டேன்" என்றான் சுரேஷ்குமார் பெருமையாக. "சக்கரம் எப்படி ஜொலிக்குது பாரு."

டயர் கடைக்கு அவனையே ஓட்டிவரச் செய்தாள். சக்கரத்தில் ஒரு பக்கம் கனம் ஜாஸ்தியானால் மெதுவாகப் போகையில் தெரியாது. வேகம் ஏறினால் வண்டியையே உலுக்கும். கனம் கம்மியான பக்கத்தை ஈடுகட்டத்தான் அந்த ஈயம். கடைக்காரர் சக்கரங்களை மெஷினில் சுற்றிப் பார்த்துப் புது ஈயம் அடித்தார். சுரேஷ்குமார் கடைக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் சாவியை நீட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை போளூர் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. எழுபது. எண்பது. ஸ்டியரிங் அசையவில்லை. சுரேஷ்குமார் முன்சீட்டில் கைப்பிடியைப் பற்றியபடி, "போதும், போதும்" என்றான்.

பின்சீட்டில் பச்சையம்மாள் கண்ணாடியை இறக்கி முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தாள்.

"ஏம்மா ரேவதி, இது நூறு போவுமா?"