பதினேழாம் நம்பர் பஸ்ஸின் பத்தாவது வாய்

ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் கை அது. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் எட்டு வருஷமாக லென்ஸ் தேய்க்கிற கை. எப்பேர்ப்பட்ட கோணல் ஃபிரேம் வந்தாலும் அதற்குத் தோதாகக் கண்ணாடியை வெட்டி, அலுங்காமல் உள்ளே உட்கார்த்திவிடும். அந்தக் கையை மூன்று வயதுகூட முடியாத ஒரு வாய் ஐந்தே நாளில் மண்ணைக் கவ்வ வைத்தது.

வாய்க்குச் சொந்தக்காரி வேறு யாருமில்லை, கைக்குச் சொந்தக்காரியான கண்ணாடிக்காரி பெற்ற மகள்தான். பிறப்புச் சான்றிதழில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. ஓயாமல் ரீங்காரம் போடுவதால் வீட்டில் வண்டு. போன மாதம் வண்டுக்கு ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது உடம்பில் முக்கால் கிலோவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர் எடைமெஷினைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "மருந்தெல்லாம் வேணாம். நல்லா சாப்பிட வைங்க. பத்து நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, முந்நூறு கிராமாவது ஏறியிருக்கணும்" என்றார். சொல்கிறவருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்.

அதுவரை வண்டுக்குச் சோறூட்டுவது அப்பாவின் இலாகா. அவர் பதினேழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். விடியற்காலை டியூட்டி முடித்து மதியம் வந்து, காப்பகத்திலிருந்து வண்டை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். மதியச் சாப்பாடும் அவர்தான், சாயங்காலச் சாப்பாடும் அவர்தான். கண்ணாடிக்காரி கடையிலிருந்து வரும்போது மணி ஏழாகும். கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும், வண்டின் வயிறு உருண்டையாக இருக்கும். எப்படி ஊட்டினார், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நடக்கிற வண்டியை யார் நிறுத்திப் பார்க்கப் போகிறார்கள்?

இப்போது இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. கடையைப் புதுப்பிக்கிறோம் என்று முதலாளி இரண்டு வாரம் மூடிவிட்டார். அதே வாரம் டிப்போவில் ஒருவர் நீண்ட லீவில் போக, டிரைவரை மதிய டியூட்டிக்கு மாற்றிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குப் போனால் ராத்திரி பத்துக்குத்தான் வீடு. கண்ணாடிக்காரிக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. இரண்டு வாரம் முழுக்க மகளோடு. முந்நூறு கிராம் என்ன, அரைக் கிலோவே ஏற்றிக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சவால் விட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காரட்டையும் பருப்பையும் குழைய வேகவைத்து, சோற்றோடு மசித்து, நெய் விட்டு எடுத்து வந்தாள். வண்டு மூன்று வாய் வாங்கினாள். நான்காவது வாய்க்கு உதட்டை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அதே சோறு வேறு தட்டில். இரண்டு வாய். புதன்கிழமை ஸ்பூன் விமானமாகப் பறந்தது, படகாக மிதந்தது, யானையாகக்கூட நடந்தது. விமானத்தை வண்டு கையால் தட்டிவிட, அது சுவரில் மோதி, மசித்த காரட் நாட்காட்டியில் புதன்கிழமையின் மேலேயே போய் ஒட்டியது.

"நீ விட்டுப் பிடி" என்றாள் மாடி வீட்டு அக்கா. மூன்று பையன்களை வளர்த்து ஆளாக்கியவள். சத்தத்தால் பாதிக் காது போய்விட்டது என்று அவளே சொல்லிக்கொள்வாள். "பசிச்சா தானா வருவா. நீ பின்னாடியே ஓடுறதாலதான் அவளுக்குத் திமிரு."

"வந்தா சரி, அக்கா. வரலியே. மத்தியானம் ஒரு பிஸ்கட்டை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிட்டா."

"என் ரெண்டாவது பையன் ஒரு வருஷம் வெறும் முட்டைதான் தின்னான். இப்ப பாரு, கதவுல குனிஞ்சு வர்றான்."

ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டரின் எடைமெஷினுக்கு ஒரு வருஷமெல்லாம் காத்திருக்கத் தெரியாது. பத்து நாள் கெடு முடிவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.

புதன் ராத்திரி டிரைவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கண்ணாடிக்காரி வழிமறித்தாள். "ஏங்க, நீங்க எப்படித்தான் ஊட்டுறீங்க?"

"பஸ்தான். ஸ்டாப் பேரைச் சொல்லு, வாயைத் திறப்பா. ஸ்டாப்புக்கு ஒரு வாய்."

"எனக்கு உங்க ஸ்டாப்பெல்லாம் எங்க தெரியும்? நான் ஏறுறதும் இறங்குறதும் ரெண்டே இடம்."

அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். பால் பண்ணை, மாவு மில், தண்ணித் தொட்டி, மரக்கடை, பள்ளிக்கூடம், ரயில் கேட், பழைய தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, மேம்பாலம், மணிக்கூண்டு, சந்தை, டிப்போ. பன்னிரண்டு. ஒரு ஸ்டாப்பும் விடவில்லை, ஒரு எழுத்தும் பிசகவில்லை. பதினோரு வருஷம் அதே வழியில் போய் வந்த மனுஷன், டிப்போவில் கொண்டுபோய் விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர். படுத்த மறுநிமிடம் குறட்டை.

வியாழக்கிழமை மதியம் கண்ணாடிக்காரி காகிதத்தைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து ஆரம்பித்தாள். "பால் பண்ணை!" ஒரு வாய். அவளுக்கே நம்ப முடியவில்லை. "மாவு மில்!" இரண்டாவது வாய். அடி சக்கை, இவ்வளவுதானா விஷயம் என்று காகிதத்தில் அடுத்த வரியைத் தேடினாள். "தண்ணித் தொட்டி!"

வண்டு வாயில் இருந்ததை மென்றபடி அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். செக்கிங் இன்ஸ்பெக்டர் தோற்றார்.

"இந்த பஸ் எங்கயும் போகல" என்றாள்.

போகவில்லையா, இதோ போகிறது. கண்ணாடிக்காரி ஸ்பூனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கட்டிலைச் சுற்றினாள், துணி காயப்போட்ட நாற்காலியைச் சுற்றினாள், வாயால் ஹாரன் அடித்தாள், திருப்பத்தில் பாதிச் சோறு தரையில் இறங்கிவிட்டது. திரும்பி வந்தால் பயணி இல்லை. வண்டு மேஜைக்கு அடியில் செருப்புகளை ஜோடி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரி பாத்திரம் தேய்த்தபடி அழுதாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் அழுதாள், வண்டுக்குக் கேட்கக் கூடாதென்று. எடை மட்டும் காரணமில்லை. அப்பா கையால் வயிறு முட்டத் தின்கிற குழந்தை, என் கையென்றால் ஏன் மூடிக்கொள்கிறது? ஒன்பது மணிக்குப் போய் ஏழு மணிக்கு வருகிறவளை அம்மா என்று எதற்கு நினைக்க வேண்டும் என்று அதற்கே தோன்றிவிட்டதோ? ஊர்க்காரர் கண்ணுக்கெல்லாம் அளவெடுத்தவளுக்குத் தன் பிள்ளைக்கு என்ன வேண்டுமென்று தெரியவில்லை. 

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு முடிவோடு டிபன் பாக்ஸில் சோற்றை அடைத்தாள். பொய் பஸ் வேண்டாம் என்றால் நிஜ பஸ்ஸிலேயே போவோம். எங்கே நிற்கிறது, எப்படித் திரும்புகிறது, எந்தக் குரலில் பெயர் சொல்கிறார்கள், எல்லாவற்றையும் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்துவிடலாம். முகத்தைக் கழுவி, வண்டுக்குத் தொப்பி மாட்டி, பால் பண்ணை ஸ்டாப்பில் போய் நின்றாள்.

பதினேழாம் நம்பர் வந்து நின்றது. டிரைவர் இருவரையும் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?" என்றார்.

"டிப்போ வரைக்கும். நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள். வாசல் பக்கம் முதலிலிருந்த இரட்டை இருக்கையில் வண்டை ஜன்னலோரம் உட்கார வைத்து, டப்பாவைத் திறந்தாள்.

வண்டு வாயைத் திறந்தாள். கேட்காமலே.

மாவு மில்லில் ஒரு வாய். தண்ணித் தொட்டியில் ஒரு வாய், கொஞ்சம் பெரிசாகவே. மரக்கடையில் ஏறிய ஒருவர் குடைக்கம்பிக் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ஐந்து, ஆறு, ஏழு. கண்ணாடிக்காரி அடுத்த வாயை ஸ்பூனில் அள்ளித் தயாராக வைத்துக்கொண்டாள். எண்ணினால் நின்றுவிடுமோ என்று எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் வண்டு மெதுவாக மென்றாள். ஆட்கள் இறங்கியாயிற்று, ஏறியாயிற்று, பஸ் கிளம்பவில்லை. டிரைவர் மேலே இருந்த கண்ணாடியில் மகளின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வண்டி நிக்குது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒரு வாய் பாக்கி இருக்கு சார்" என்றார் கண்டக்டர். வண்டின் தொண்டை ஏறி இறங்கியதும் விசில் ஊதினார். குடைக்கம்பிக்காரர் தன் பங்குக்கு, "அவசரப்படாம முழுங்கு, பாப்பா. நாங்க என்ன கப்பலா பிடிக்கப் போறோம்?" என்றார்.

மேம்பாலம் தாண்டியதும் வண்டு இருக்கையின் மேல் எழுந்து நின்றுவிட்டாள். மூக்கு ஜன்னல் கம்பியில் நசுங்கியது. மணிக்கூண்டில் பஸ் மூன்று நிமிடம் நின்றுதான் கிளம்பும். அதற்கெதிரேதான் கண்ணாடிக் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே மரம் அறுக்கிற சத்தம். பத்தாவது வாயோடு கண்ணாடிக்காரி காத்திருந்தாள். வண்டு திரும்பவே இல்லை. ஸ்டாப்பில் நின்ற ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி ஆளும் ஏறி முடிந்ததும் உதடு பிதுங்கியது.

"அம்மா ஏறலயே" என்றாள்.

"இங்கதானடா தங்கம் இருக்கேன்."

வண்டு அவளைப் பார்த்தாள், காலியான ஸ்டாப்பைப் பார்த்தாள், மறுபடியும் அவளைப் பார்த்தாள். எங்கேயோ ஏமாற்றுகிறார்கள் என்று முகம் சொல்லிற்று. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

டிரைவர் இருக்கையிலிருந்து திரும்பினார். "மணிக்கூண்டுல நீ ஏறணும். அதோட அவ சாப்பாடு முடிஞ்சிடும்."

"நான் ஏறணுமா?"

"தினம் வீட்டுல ஊட்டும்போது அப்படித்தானே. கடைல வேலை முடிச்சிட்டு அம்மா ஸ்டாப்புல நிக்கிறாங்க, சீக்கிரம் போனாத்தான் ஏத்திக்கலாம்னு சொல்லுவேன். மடமடன்னு முழுங்குவா. பத்தாவது வாய்ல நீ ஏறிடுவ."

"இதை ஏங்க அந்தக் காகிதத்துல எழுதல?"

"உனக்குத் தெரியாதா?" டிரைவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீதானே ஏறுற."

கண்ணாடிக்காரி நீட்டியிருந்த ஸ்பூனை டப்பாவிலேயே வைத்தாள். ஐந்து நாளாக அவள் வீட்டிலேயே இருந்தாள். பிள்ளை முன்னால், ஸ்பூனும் கையுமாக. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது அந்த பஸ் யாரைக் கூப்பிட, எங்கே போகும்? தன் கையை வேண்டாமென்று தள்ளியது என்று நினைத்தாளே, இத்தனை மாதம் இத்தனை சோற்றையும் அந்தக் குழந்தை முழுங்கியது அவளிடம் வந்து சேரத்தான். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஓங்கி அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. மூன்று நிமிடத்தில் ஒன்றரை போயிருந்தது.

டப்பாவைக் குடைக்கம்பிக்காரர் கையில் திணித்தாள். "கொஞ்சம் பிடிங்க. பாப்பாவையும் பாத்துக்கங்க." ஆட்களை இடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கி, பஸ்ஸை ஒட்டி முன்னால் ஓடி, ஸ்டாப் கம்பத்துக்குக் கீழே வந்து நின்றாள். நிற்கிற பஸ்ஸுக்குக் கையை நீட்டினாள். ஷட்டருக்கு உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"வாங்கம்மா, வாங்க, சீக்கிரம் ஏறுங்க" என்றார் கண்டக்டர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, முன்பின் பார்த்திராத பயணியிடம் பேசுகிற தோரணை.

அவள் முன்வாசலில் ஏறினாள். வண்டு காலையிலிருந்து காணாதவளைக் கண்டது போல "அம்மா!" என்று இரண்டு கையையும் நீட்டினாள். குடைக்கம்பிக்காரர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். பத்தாவது வாய் மறுபேச்சில்லாமல் உள்ளே போயிற்று. பஸ் கிளம்பியது.

"இன்னும் ரெண்டு வாய் கிடக்கே, பாப்பா" என்றார் குடைக்கம்பிக்காரர். "சந்தையும் டிப்போவும் வரலியே."

வண்டு டப்பாவை எட்டிப் பார்த்து யோசித்தாள். ஸ்பூனை அம்மா கையிலிருந்து பிடுங்கி, சோற்றை அள்ளி, பாதியை மடியில் சிந்தி, மீதியை அம்மா வாய்க்கு நேராகக் கொண்டு போனாள்.

"சந்தை" என்றாள். "அம்மா, ஆ சொல்லு."

கண்ணாடிக்காரி சொன்னாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.