வெள்ளை வயரில் ஒரு பேச்சு, சிவப்பு வயரில் ஒரு பேச்சு

"இது செத்துப்போச்சு அண்ணே. கொண்டுபோய் அவரைக்காப் பந்தல்ல கட்டச் சொல்லுங்க, குருவியாவது வராது."

சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைத் தனுஷன் அந்த சிடித் தட்டை என் மேசைமேல் போட்டான். போட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை. தட்டுக்குச் சொந்தக்கார அம்மா அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு பொருளை அதன் சொந்தக்காரர் முன்னால் இப்படியா போடுவது?

தனுஷன் வைத்திருப்பது ஃபோன் கடை. விரலால் தேய்த்து வேலை செய்யாத எதையும் அவன் சாமான் என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். நான் பழைய டிவி, ரேடியோ, டெக் வாங்கி விற்பவன். ஹட்டன் கடைத்தெருவில் எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். என் அப்பா துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு டயகம வரைக்கும் தோட்டத்து லயம் லயமாக ஏறி விற்றவர். எங்கள் வீட்டில் உப்பு வாங்கினாலும் பேரம்தான். ஒருவன் ஒரு பொருளை மட்டம் என்று சொன்னால், அவனுக்கு அது வேண்டும், இல்லையென்றால் அது என்னவென்றே அவனுக்குத் தெரியாது என்பதைப் பால்குடி மறக்கும் முன்பே கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். தனுஷனுக்கு அது வேண்டாம்.

"உள்ள என்னமோ டாட்னு ஒரு ஃபைல் கெடக்கு. படம்னும் சொல்ல மாட்டேங்குது, பாட்டுன்னும் சொல்ல மாட்டேங்குது. எப்படியோ தொறந்தா ரெண்டு பேரு ஒரே நேரத்துல கத்துறாங்க," என்றான்.

"தம்பி, இது விசிடி. டிவிடிக்கு அண்ணன். நீ பொறக்கும்போது இந்த ஊரே இதுலதான் படம் பாத்துச்சு. ஒரு படத்துக்கு ரெண்டு தட்டு. வில்லன் கத்திய ஓங்குவான், தட்டு முடிஞ்சிரும். எந்திரிச்சுப் போய் அடுத்த தட்டப் போட்டாத்தான் கத்தி எறங்கும்."

"அதான் செத்துப்போச்சு," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்தார். பெயர் ஜோசப்பின்.

"மொதலாளி, இது பேசணுங்க. பேசலன்னா எங்களுக்கு வீடில்ல."

உட்காரச் சொன்னேன். மூட்டு வலி, மெதுவாகத்தான் உட்கார்ந்தார். கதையை மட்டும் வேகமாகச் சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் தோட்டத்தில் ஒரு வரிசை புது வீடு கட்டினார்கள். ஜோசப்பினும் கணவர் வியாகுலமும் இருந்த லயத்து வரிசையின் ஒற்றை அறைக் காம்பராவை இடித்துவிட்டு அங்கே குடியேற்றினார்கள். திறப்பு விழாவுக்குக் கம்பெனி டைரக்டரே கொழும்பிலிருந்து வந்து மேடையில் பேசினார். அதை வீடியோ எடுத்து வீட்டுக்கு ஒரு தட்டு கொடுத்தார்கள். இப்போது வியாகுலம் இல்லை. மூட்டு போனதால் ஜோசப்பின் மலைக்கு ஏறுவதில்லை. மகள் ஜெனுஷா கினிகத்தேனையில் பாலர் பள்ளி டீச்சர். ஆக அந்த வீட்டில் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், பேர் உள்ள ஆள் யாருமில்லை. தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: பேர் இல்லாதவர்கள் வீட்டை விட வேண்டும்.

"எங்க போறது? இருந்த காம்பராவ அவங்கதானே ஒடச்சாங்க? அன்னைக்கு மேடையில ஒங்களுக்கே சொந்தம்னு சொன்னாருங்க அந்த டைரக்டர். இந்த ரெண்டு காதால கேட்டேன். கணக்கப்பிள்ள கேக்குறாரு, எங்க எழுதியிருக்குன்னு. சொன்னதுக்கு எழுத்து எங்க இருக்கும்? இந்தத் தட்டுதான் இருக்கு. அன்னைக்கே போட்டுப் பாத்தோம், ரெண்டு பேரு சண்ட போட்ட மாதிரி இருந்துச்சு. பழுதுன்னு நெனச்சு எல்லாரும் குருவி வெரட்ட மரக்கறித் தோட்டத்துல கட்டிட்டாங்க. எம்புருசன் அதுல இருக்காருன்னு நான் மட்டும் மாதா படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்."

அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய பிளேயரை எடுத்தேன். ரிமோட் எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை இடது பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலது பக்கச் சத்தத்துக்கு. மூன்றையும் டிவியில் செருகித் தட்டைப் போட்டேன்.

படம் வந்தது. விசிடிப் படம் எப்படி இருக்கும் என்று மறந்துபோனவர்களுக்குச் சொல்கிறேன்: முகமெல்லாம் சதுரம் சதுரமாக, தொதல் இனிப்பைத் துண்டு போட்டு அடுக்கியது போல இருக்கும். கண் எது, வாய் எது என்று குத்துமதிப்பாகத்தான் சொல்ல வேண்டும். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். சத்தமோ, மீன் சந்தை. ஒரு குரலின் மேல் இன்னொரு குரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பழுது என்றால் கரகரக்கும், விக்கும், நிற்கும். இது விக்கவே இல்லை. இரண்டு பேரும் சுத்தமாகப் பேசுகிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பேசவிடவில்லை. அப்போதுதான் எனக்குக் கரோக்கே ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் கல்யாண வீட்டுக்காரர்கள் என்னிடம் வாங்கிப்போன தட்டுகளில் இடது பக்கம் பாட்டுக்காரனோடு பாட்டு, வலது பக்கம் வெறும் மேளதாளம். மொழிமாற்றுப் படங்களிலும் அப்படித்தான், பக்கத்துக்கு ஒரு பாஷை. ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் வேண்டிய பக்கம் மட்டும் கேட்கும்.

பொத்தான் இல்லாவிட்டால் என்ன, வயர் இருக்கிறதே. சிவப்பைப் பிடுங்கினேன்.

ஒரு குரல் அடங்கியது. மற்றது தெளிவாக எழுந்தது. காற்று மைக்கில் மோதும் இரைச்சலோடு, கரகரத்த குரலில், கொழும்புத் தமிழில்: "இன்றையிலிருந்து இந்த வீடுகள் உங்களுக்கே சொந்தம். தோட்டத்தில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சொந்தம்."

ஜோசப்பின் எழுந்தே விட்டார். "கேட்டீங்களா? நான் பொய் சொன்னேனா?"

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சரக்கைத் திருப்பிப் பார்க்காமல் கட்டிக் கொடுத்துப் பழக்கமில்லை. வெள்ளையைப் பிடுங்கிச் சிவப்பைச் செருகினேன். வழுவழுவென்று ஓர் ஆங்கிலக் குரல். ஜோசப்பின் டிவியை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இவரு என்ன சொல்றாரு?"

சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். "வீடெல்லாம் கம்பெனி சொத்துதானாம். தோட்டத்துல வேலை செய்யுற வரைக்கும் குடியிருக்கலாமாம்."

அவர் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை.

"ஒரே தட்டுலயா?"

"ஒரே தட்டுலதான்."

கடைத்தெருவில் நாங்களும் ஆளுக்கொரு விலை சொல்வோம்தான். ஆனால் இரண்டு ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே மூச்சில், ஒருவன் காதில் கொடுத்தேன் என்றும் மற்றவன் காதில் கொடுக்கவில்லை என்றும் சொல்கிற வியாபாரி எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவில்லை. தொழிலாளிக்குத் தமிழ், கொழும்பு ஆபீசுக்கு ஆங்கிலம். தனித்தனித் தட்டு அடிக்கும் செலவைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள்!

ஆனாலும் எனக்குத் தெரிந்த புத்தியைச் சொன்னேன். "அக்கா, வெள்ள வயர மட்டும் கொண்டுபோவோம். மடக்கினாங்கன்னா ஒரு வருசம் தவண கேப்போம். கெடைக்கிறத வாங்கிக்கிட்டு..."

"ஒங்க வீட்டுக்குள்ள இருக்க நீங்க தவண கேப்பீங்களா மொதலாளி?"

மூன்று வயரையும் சுருட்டிப் பையில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். பிளேயர் என் கையில், தட்டு ஜோசப்பின் கையில். வெளியே தூறலில் அவர் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவும் அதே வரிசைக்காரர்களும் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கும் இதே உத்தரவுதான். உள்ளே துரை, அவர் பக்கத்தில் ஆபீஸ் எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் பெரிய கிளாக்கர் மேர்வின். கிரிக்கெட் பார்க்க மாட்டிய பெரிய டிவி சுவரில் இருந்தது. வெள்ளை வயரைச் செருகினேன். டைரக்டர் தமிழில் சொந்தம் என்றார்.

துரை பதறவில்லை. மேர்வினிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார், தலையாட்டினார், பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "மற்ற வயரையும் போடுங்கள், கடைக்காரரே," என்றார்.

அவர்களிடமும் ஒரு தட்டு இருந்திருக்கிறது. போட்டேன். வழுவழுக் குரல் தன் கதையைப் படித்தது. துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டைரக்டர் பேசியது ஆங்கிலத்தில்தான், தமிழ் பிறகு யாரோ வைத்தது, வைத்தவன் தப்பாக வைத்துவிட்டான், கம்பெனி பொறுப்பில்லை என்றார். மேர்வின் அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் வாயசைவைப் பார்க்கலாமா என்று யோசித்தேன். எங்கே பார்ப்பது? வாய் இருக்கவேண்டிய இடத்தில் நாலு சதுரம்தான் இருந்தது. தோற்றோம் என்று வயரைச் சுருட்டப் போனேன்.

"சுருட்டாதீங்க," என்றார் ஜோசப்பின். "அந்த செவப்பையே திரும்பப் போடுங்க. சத்தத்த விடுங்க. எல்லாரும் படத்தப் பாருங்க."

போட்டேன். வீடுகள் கம்பெனியின் சொத்தாகவே இருக்கும் என்று ஆங்கிலக் குரல் சொல்லி முடித்தது. சொல்லி முடித்த அந்த நொடியில் படத்தில் கூட்டம் முழுக்க எழுந்தது. கைகள் மேலே போயின. பெண்கள் குலவை போடுவது வாயைப் பொத்திய கையிலேயே தெரிந்தது. முன்வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி வானத்துக்கு எறிந்தார். இத்தனைக்கும் சிவப்பு வயரில் ஒரு சத்தமில்லை. காற்றில்லை, கைதட்டல் இல்லை. கதவைச் சாத்திய அறையில் ஒருவன் வாசிக்கிற அமைதி.

"அந்த நீலச் சட்ட எம்புருசன்," என்றார் ஜோசப்பின். குரல் உயர்ந்தது. "கேக்குறேன் தொர. வீடு ஒனக்கில்லன்னு சொன்னதுக்கா அந்த மனுசன் தொப்பியத் தூக்கி எறிஞ்சாரு? இல்லன்னு சொன்னா எந்திரிச்சுக் கை தட்டுற கூமுட்டைங்களா நாங்க? மேடை ஓரத்துல பாருங்க, பெரிய கிளாக்கரய்யாவும்தான் தட்டுறாரு. கேளுங்க அவர! எதுக்குத் தட்டுனீங்கய்யா?"

மேடையின் ஓரத்தில், மெலிந்த, மீசை கறுத்த மேர்வின் கைதட்டிக்கொண்டிருந்தார். முகம் எவ்வளவு சதுரமாக இருந்தாலும் அந்த வழுக்கையை யாரும் தப்பாகச் சொல்ல முடியாது, அப்போதே இருந்திருக்கிறது. நான் யாரும் கேட்காமலே வெள்ளை வயரையும் செருகினேன். கைதட்டலும் குலவையும் ஆபீசை நிறைத்தன. படமும் சத்தமும் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டன.

மேர்வின் துரையைப் பார்த்தார். வேலையை நினைத்திருப்பார், பென்ஷனை நினைத்திருப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தமிழ்லதான் பேசுனாரு சேர்," என்றார். அதையே சிங்களத்திலும் சொன்னார்.

துரைக்கு முகம் சிவந்தது. மேர்வின் பக்கம் குனிந்து மெல்லிய குரலில், "தெனட்ட யவன்ன. பஸ்ஸே பலமு," என்றார். இப்போதைக்கு அனுப்பு, பிறகு பார்ப்போம் என்று. இந்த அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்ற தைரியம்! இந்த மலையில் கறிச்சட்டி வாங்குவதற்கே இரண்டு பாஷை வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

"பஸ்ஸே பே மஹத்தயா," என்றார் ஜோசப்பின். "தென்ம கியன்ன." பிறகு முடியாது, இப்போதே சொல்லுங்கள். அப்புறம் தமிழுக்கு மாறினார். "எங்கிட்ட சொன்னா பத்தாது. வெளிய அந்த வரிசையே நனைஞ்சுகிட்டு நிக்குது. அவங்ககிட்ட வந்து சொல்லுங்க. தமிழ்ல. இல்லன்னா மொதலாளி இந்த டிவிய ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல வச்சு ஓட்டுவாரு, மொதல்ல செவப்பு, அப்புறம் வெள்ள."

நான் அப்படி எதையும் ஒத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் பேரம் நடக்கும்போது கூட்டாளியை மறுத்துப் பேசுகிறவன் வியாபாரியே இல்லை. "பெரிய ஸ்பீக்கர் ஒண்ணும் இருக்குங்க சேர்," என்றேன்.

மேர்வின் இரண்டையும் சிங்களத்தில் சொல்ல, துரை ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். பிறகு எழுந்து ஆபீஸ் வாசலுக்கு வந்தார். மேர்வின் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க, தடுக்கித் தடுக்கிச் சொன்னார். போன வாரம் சொன்னது இல்லை. யாரும் வீடு விட வேண்டாம். வீடு உங்க வீடு.

தூறலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சியம்மா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தொரைங்க நல்லா இருக்கணும்," என்று இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கினார்.

ஜோசப்பின் அந்த மூட்டோடு எப்படி அத்தனை வேகமாகப் படியிறங்கினார் என்று தெரியவில்லை. போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"எறக்குடி கைய. நம்ம வீட்ட நம்மளுதுன்னு சொன்னதுக்கு எதுக்குடி கும்புடு?"