வாயை மூடிய விசிறி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் அன்று யாரைத் திட்டுவது? லேப்டாப்பில் அப்டேட்டை ஆசையாய் அழுத்தியவளே நான்தான்.

நான் புத்தகம் வாசித்துப் பதிவு செய்பவள். ஓர் ஒலிப்புத்தக நிறுவனம் என் மாதிரிப் பதிவை இரண்டு முறை, "பின்னணியில் இரைச்சல்" என்று திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவதை மாலை நான்குக்குள் அனுப்ப வேண்டும்; இல்லையென்றால் பன்னிரண்டு புத்தக வேலையும் வேறு ஆளுக்கு. இரைச்சல் என் லேப்டாப் விசிறியுடையது. கணினி வேலை பார்க்கும் என் அண்ணன் போன வாரம்தான் அதற்கு வழி செய்து கொடுத்தான். கருப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் விசிறி பத்து நிமிடம் நிற்கும், பிறகு தானே ஓடும்.

அப்டேட் முடிந்ததும் அதைத் தட்டினேன். "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று பதில் வந்தது. விசிறி அதுபாட்டுக்கு இரைந்தது. மணி இரண்டரை.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"உன்னை யாரு அப்டேட் போடச் சொன்னது? சாயங்காலம் வந்து பாக்கறேன்."

"நாலு மணிக்குள்ள அனுப்பணும்டா அண்ணா!"

"நான் எழுதினதுல தப்பு இருக்காது. நீதான் எதையாவது நோண்டியிருப்பே. கையை வெச்சுகிட்டு சும்மா இரு."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது: "ஆமா, இவரு எழுதினதுல என்னைக்குத் தப்பு வந்திருக்கு, மளிகை லிஸ்டைத் தவிர!"

சும்மா இருப்பதா, நானா? போனை வைத்துவிட்டு அண்ணன் எழுதிய ஃபைலைத் திறந்தேன். மொத்தமே நாலு வரி. லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்ட ஒரு ஃபோல்டர் இருந்தது. மூன்றாவது வரியில், மூன்றாம் எண் ஃபோல்டருக்குள் போய் விசிறியை நிறுத்து என்று இருந்தது. அந்த மூன்றைத் திறந்தால் உள்ளே பேட்டரி உட்கார்ந்திருந்தது. நான்கில் வைஃபை. ஐந்தில், என் விசிறி! அப்டேட் எல்லாருடைய எண்ணையும் மாற்றிப் போட்டிருக்கிறது. நம் மேதாவியோ விசிறியைப் பெயர் பார்த்துத் தேடாமல் எண்ணை நம்பி எழுதியிருக்கிறான்.

மூன்றை அழித்து ஐந்து போட்டேன். கட்டளையைத் தட்டினேன்.

விசிறி நின்றது. "அடி சக்கை!" என்று நான் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

எதிரொலி வராமலிருக்க மெத்தையைச் சுவரில் சாய்த்து, தலையோடு போர்வை போர்த்திக்கொண்டு, எட்டு நிமிடம் ஒரே மூச்சில் வாசித்தேன். மூன்று ஐம்பதுக்கு அனுப்பினேன். தப்பைச் சரிசெய்துவிட்டேன் என்று அண்ணனுக்கும் ஒரு மெசேஜ் தட்டினேன்.

"என்ன தப்பு?" என்று அண்ணன் கேட்டான். "உன் மூணாவது வரி" என்று பதில் அனுப்பினேன், அண்ணிக்கும் சேர்த்து.

ஐந்தரைக்கு நிறுவனத்து மேடத்தின் பதில் வந்தது. துளி இரைச்சல் இல்லையாம், பன்னிரண்டு புத்தகமும் எனக்குத்தானாம். "எந்த ஸ்டுடியோவில் பதிவு செய்தீர்கள்?" என்றும் கேட்டிருந்தார்.

"சொந்த ஸ்டுடியோதான் மேடம்" என்று எழுதினேன்.