மூடிய தோலுக்கு அடியில்

நாகையாவின் குதிகால் புண் மூடிவிட்டது. இனிமேல் கிள்ளான் கிளினிக்குக்கு அலைய வேண்டியிருக்காது என்று நம்பித்தான் புஷ்பவல்லி அன்று அவனைக் கூட்டி வந்தாள். மாதக்கணக்காக விடியுமுன் எழுந்து, புருஷன் காலைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டிவிட்டு, காப்பாரில் கையுறைத் தொழிற்சாலை வேலைக்கு ஓடியவள் அவள். இனிப்புநீர்க்காரர் காலில், சர்க்கரை ஏறிய உடம்பில், புண் ஆறுவது லேசா?

"அடுத்த வாரம் மறுபடி லோரி ஓட்டப் போறேன் லா," என்று தாதி ஷாமினியிடம் சொல்லிச் சிரித்தான் நாகையா.

சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவை ஷாமினி அவன் பாதத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் பாதம் நீலமும் பச்சையுமாகத் தெரிந்தது. குதிகாலில் மட்டும் தணல்போல ஒரு வட்டம். மற்றக் காலையும் படம் பிடித்துப் பார்த்தாள்; அதில் தணல் இல்லை. உடனே போய் டாக்டரை அழைத்து வந்தாள்.

"மேல தோல் மூடியிருக்கு அங்கிள். உள்ள சீழ் வச்சிருக்கும்போல. திறந்து பாக்கணும்," என்றார் டாக்டர் விமலன்.

"ஆறுன புண்ண எதுக்குத் திறக்கறீங்க? எனக்கு வலியே இல்ல!" நாகையா கட்டிலை விட்டு இறங்கிச் சிலிப்பரைத் தேடினான்.

கோபப்படக்கூடப் புஷ்பவல்லிக்குத் தெம்பில்லை.

"நான் அசந்து போயிட்டேங்க," என்றாள் மெதுவாக. "இந்தக் கால் போச்சுன்னா உங்களத் தூக்கிச் சுமக்க என்னால முடியாது. உக்காருங்க."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'முடியாது' என்று அவன் கேட்டதில்லை. உட்கார்ந்தான்.

கத்தி பட்டதும் பழுப்பாகச் சீழ் வழிந்தது. கொஞ்ச நாள் விட்டிருந்தால் எலும்பைப் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். இனிப்புநீரால் மரத்துப்போன காலில் நாகையாவுக்கு வலியே தெரியவில்லை. தன் சதையை வெட்டுவதே தனக்குத் தெரியவில்லை என்பதுதான் அவனை உலுக்கியது.

கட்டுப் போட்டபின் மருந்துக்காக வெளியே பெஞ்சில் இருவரும் காத்திருந்தபோது அவன் அம்பாங்கில் இருக்கும் மகன் தனேஷுக்குப் போன் போட்டான். மகனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இதுநாள்வரை அவளைத் தடுத்து வைத்திருந்ததும் அவன்தான்.

"ஐயா, சனி ஞாயிறு வந்து அப்பா காலக் கொஞ்சம் கட்டிவிடுறியா? அம்மாவால முடியலப்பா."

மகன் என்ன சொன்னான் என்று கேட்கப் புஷ்பவல்லி விழித்திருக்கவில்லை; அவன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

புண் உள்ளிருந்து ஆற மறுபடி பல மாதமாயிற்று. கால் தப்பியது. சனிக்கிழமைகளில் அவள் வெயில் ஏறும்வரை தூங்கினாள்.