கம்பிக் கண்ணில் கூழாங்கற்கள்

ஜீப்பை விட்டு இறங்கியதும் மா டே-ஷிக்கை முதலில் வந்து தொட்டது வாசனைதான். காய்ந்த நாணலும் ஈர மண்ணும் கலந்த அது, முப்பத்தாறு வருஷத்தில் துளியும் மாறவில்லை. இருபத்தொரு வயதில் துப்பாக்கி சுமந்து வட கொரியாவைப் பார்த்த இதே சொர்வொன் எல்லை வேலியோரம் நடந்தவர், இன்று வேலியின் பாதுகாப்பைச் சோதிக்கும் அரசு அதிகாரியாக சியோலிலிருந்து வந்திருந்தார்.

லெப்டினன்ட் யோம் சு-ஜின் என்ற பெண் அதிகாரி கேமராக்களையும், வேலியைத் தொட்டால் அலறும் கருவியையும் காட்டினாள்.

"எங்க காலத்துல கூழாங்கல்தாம்மா. கம்பிக் கண்ணுல வரிசையா சொருகி வைப்போம். ஒரு கல்லு விழுந்திருந்தா மொத்தக் கம்பெனியும் எழுந்து ஓடணும்."

"பேட்டரி மாத்துற வேலையே இல்ல. குடுத்து வச்சவங்க சார் நீங்க!"

சிரித்தபடியே பதிவேட்டைப் புரட்டியவர் நின்றார். பதினான்காம் பகுதியில் தினமும் காலை ஆறு முதல் எட்டு வரை ஒரு அலாரம்கூட இல்லை.

"அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் எதிரி தூங்குறானா?"

அவள் முகம் சிவந்தது. "நீர்மான் தண்ணி குடிக்க வருது சார். நிமிஷத்துக்கொரு அலாரம். பசங்க ஒரு வாய் சோறு திங்க முடியல. சரிபண்ணச் சொல்லி மேல மூணு தடவ எழுதினேன், பதிலே இல்ல. நான்தான் அணைக்கச் சொன்னேன். எழுதுறதுன்னா என் பேர மட்டும் எழுதுங்க."

டே-ஷிக்குக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. இதே இடத்தில், இதே மாதிரி, கூ பியோங்-மான் சொல்லியிருக்கிறான். இருவரும் காவல் ஜோடி. மான் தட்டிவிட்ட கற்களை மேலே சொல்லாமல் திரும்பச் சொருகிவிடுவார்கள். ஒருநாள் சோதனைக்கு வந்த மேஜர், டே-ஷிக் கோணலாகச் சொருகிய கல்லைப் பார்த்துவிட்டார். "யார் வேலை இது?" டே-ஷிக் வாயைத் திறப்பதற்குள் பியோங்-மான் ஓரடி முன்னால் வந்தான். "என் வேலைதான் சார்." அவனுக்குப் பதினைந்து நாள் சிறை. டே-ஷிக் அதே வாரம் அக்கா கல்யாணத்துக்கு லீவில் போனார். திரும்பி வந்தபோது அவனை வேறு படைப்பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

அலாரத்தை உடனே போடச் சொன்னார் டே-ஷிக். மதியம் அறிக்கை எழுதி சு-ஜினிடம் நீட்டினார்.

"என் பேர் இருக்கே சார்," என்றாள் மெல்ல.

"இருக்கத்தான் செய்யும். உங்க மூணு கடிதமும் தேதியோட இருக்கு பாருங்க. பதில் போடாதவங்கதான் முதல்ல விளக்கம் சொல்லணும்."

பழைய படைவீரர் சங்கத்தில் விசாரித்து பியோங்-மானின் எண்ணை வாங்கினார். வாங்கப் பத்து நிமிஷம்தான் ஆனது. இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் சுன்சொன் நகரில் ஒரு நூடுல்ஸ் கடையில் சந்தித்தார்கள். பியோங்-மானுக்குத் தலை வழுக்கை, தொப்பை வேறு. ஆனால் அந்தக் குரல் அதேதான்.

"டேய் மா! அக்கா கல்யாணச் சாப்பாடு எங்கடா?"

"அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்டா."

"தொறந்திருந்தா உன் லீவு போயிருக்கும். ஒரு மாசமா அக்கா அக்கான்னு உசிர வாங்கினியே! அதுவுமில்லாம, உள்ள பதினஞ்சு நாள் பனியில நடக்காம தூங்கினேன். லாபம் எனக்குத்தான்."

டே-ஷிக் சிரிக்கப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. பியோங்-மான் பார்க்காதவன் போல நூடுல்ஸில் மூக்கில் ஏறும் காரக் கடுகு விழுதைக் கலந்து, கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினான்.

"கடுகு ஏறிடுச்சாடா? சாப்பிடு, சாப்பிடு."