ஒரே ரோல் ஊதாத் துணி

கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் தன் அணியோடு ஆடி முடித்து, மேல்மூச்சு வாங்க ஹிஃப்ஸா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான், டிராபிக்கில் மாட்டிக்கொண்ட எதிரணியின் பஸ் வந்து சேர்ந்தது. இறங்கியவர்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரையேறியது.

அதே ஊதா உடை. அதே நீளக் கை, அதே வெள்ளிக் கோடு, தலையை மூடும் அதே தொப்பி. அடப்பாவிகளா! அது அவள் உட்கார்ந்து வரைந்த உடை. ஆட்டத்துக்கு நடுவே ஆளை ஆள் தூக்கிக் கூச்சல் போடுகிற சியர்லீடிங் அணியா என்று முகம் சுளித்த உம்மாமார்களையெல்லாம், உடம்பு முழுக்க மூடுகிற அந்த உடையைக் காட்டித்தானே சம்மதிக்க வைத்திருந்தாள்?

சும்மா வந்த அணியா அவளுடையது? அரபு நாட்டு முவைலாவில் இருந்த அவர்கள் கல்லூரியில் ஹால் கேட்டால் பாட்மிண்டன் இருக்கிறது என்பார்கள். பார்க்கிங்கில் ஆடினால் வாட்ச்மேன் "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டுவான். போதாததற்குப் போன வாரம் மாணவர் நல அதிகாரி கூப்பிட்டு, இந்த வருஷம் கப் வராவிட்டால் அணி கலாஸ் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கராமாவில் துணிக்கடை வைத்திருந்த சதக்கத்துல்லா மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, எங்க டிரெஸ்ஸை யாருக்குக் குடுத்தீங்க?"

"அதுவாம்மா? கடைப் பொம்மைக்கு மாட்டியிருந்தேன். ஒரு யாழ்ப்பாணத்துப் புள்ளை வந்து, இதே மாதிரி வேணும்னு கேட்டுச்சு. என் மருமக போட்ட டிசைனுன்னு பெருமையா சொல்லித்தான் தச்சுக் குடுத்தேன்."

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"ரோலை முழுசா எடுத்தாத்தானே கட்டுப்படியாகும்? மிச்சத் துணியை வச்சு நான் என்ன பண்ண? சரி, நான் வாசலுக்கு வந்துட்டேன், பார்க்கிங்தான் கிடைக்கலை. ரெண்டாவதா ஆடப்போறோம்னியே, ஆரம்பிச்சிருச்சா?"

அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள். பஸ் தாமதமானதால் நாங்களே முதலில் ஆடிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபத்தில் அதெல்லாம் எங்கே தோன்றுகிறது?

எதிரணி ஆடியது. அதன் தலைவி தக்ஷாயினி, பொம்மையைப் பார்த்து உடை வாங்கிய அந்த யாழ்ப்பாணத்துப் பெண்தான், தோள்மேல் தோளாக ஏறி உச்சியில் நின்றாள். கையை விரித்தாள். கீழே ஒருத்திக்கு முழங்கால் ஆடியது. தக்ஷாயினி தொப்பென்று விழுந்தாள். ஹிஃப்ஸா 'ஐயோ' என்றாள். அடுத்த நொடியே மனம் கப்பை எண்ணித் துள்ளியது.

முடிவை அறிவித்தார்கள். கப் தக்ஷாயினியின் கல்லூரிக்கு. ஹிஃப்ஸாவின் கல்லூரிக்கு, விழுந்ததற்காகப் புள்ளி குறைப்பு.

"யார் விழுந்தா? நாங்களா?" மின்ஹா கத்தினாள். ஹிஃப்ஸாவை உச்சியில் தாங்கிப் பிடித்த தோள் அவளுடையது.

நடுவர் மேஜையில்தான் கோளாறு பிடிபட்டது. அச்சடித்த வரிசைப்படி முதலில் தக்ஷாயினியின் அணி, இரண்டாவது இவர்கள். வரிசை மாறியதை மேஜைக்கு யாரும் சொல்லவில்லை. வரிசையை மாற்றிவிட்ட அமைப்பாளர் பெண்ணோ டூட்டி முடிந்து போய்விட்டாள். இரண்டும் ஊதா, எல்லா முகத்திலும் வெள்ளிப் பூச்சு. தோற்ற அணி எல்லாம் இப்படித்தான் சொல்லும் என்றார் நடுவர் அம்மாள். தக்ஷாயினியைக் கூப்பிட்டு, விழுந்தது நீயா என்று கேட்டார். அவள் நொண்டாமல் காலை அழுத்தி நின்று, தன் பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நோ" என்றாள்.

ஹிஃப்ஸா விடவில்லை. "எங்க மாமா வீடியோ எடுத்திருப்பாங்க. அதைப் பாருங்க!" என்று ஓடிப்போய், மேல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாவின் போனைப் பிடுங்கி வந்தாள்.

வீடியோவில் இருந்தது இரண்டாவது ஆட்டம் மட்டும். தூரத்தில், மங்கலாக, ஊதா நிறத்தில் ஒருத்தி உச்சியில் நின்றாள். விழுந்தாள். உடனே மாமாவின் குரல் கட்டிடமே அதிர எழுந்தது. "ஹிஃப்ஸா! யா அல்லாஹ், என் புள்ளை ஹிஃப்ஸா விழுந்துட்டாளே! ஹிஃப்ஸா!"

நடுவருக்குத் தமிழ் தெரியாது. பெயர் தெரியுமே. அவளுடைய அடையாள அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, போனைப் பக்குவமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அழுகைகூட வரவில்லை அவளுக்கு. வெளி வராந்தாவுக்கு வந்தாள். அங்கே கப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தாள் தக்ஷாயினி.

"எங்களுக்கும் கப் இல்லாட்டி அணியே இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். நான் என்ன செய்யிறது, சொல்லும்?"

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அதற்குள் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார், கையில் ஒரு பை ஐஸ் கட்டி.

"காலைக் காட்டும்மா. எங்க அடி?"

"நான் விழலை மாமா."

"வெக்கப்படாதம்மா. விழுறதெல்லாம் சகஜம். எனக்குத்தான் உசுரே போயிருச்சு. காட்டு காலை."

"நான் விழவே இல்லை மாமா!" வராந்தா முழுக்கக் கேட்டது. இந்த வருஷம் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் அந்தக் கத்தலில் இருந்தது. கேட்க வேண்டிய நடுவர்தான் அங்கே இல்லை.

மாமா கையிலிருந்த பையைப் பிடுங்கித் தக்ஷாயினியின் கையில் திணித்தாள். தக்ஷாயினி கப்பைத் தரையில் வைத்துவிட்டுத் தொப்பியைத் தள்ளினாள். குனிந்து, வீங்கிய தன் கணுக்காலில் ஐஸை வைத்தாள்.

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். கடைக்கு வந்த பெண். அதே உடையில் நிற்கும் மருமகளைப் பார்த்தார்.

"அப்ப நான் யாருக்கும்மா அழுதேன்?"

"துணி வித்தீங்கள்ல," என்றாள் ஹிஃப்ஸா, "அவளுக்குத்தான்."