வால்டியின் மீன் குடிசையில் ஒன்பது கோழிகள்

டமார்!

இங்காவின் கையிலிருந்த காபியில் பாதி மேஜையில் கொட்டியது. ஜன்னலுக்கு ஓடினாள். வாசல் கம்பம் முறிந்து கிடந்தது. அதன் மேலேயே ஏறிக்கொண்டு, பக்கத்துப் பண்ணை ஓலியின் டிராக்டர் உள்ளே வந்தது. பின்னால், சறுக்குக் கட்டைகளின் மேல் ஆடி ஆடி வந்தது அவள் புருஷன் வால்டியின் மீன்பிடிக் குடிசை.

"கம்பம் பழசு, இங்கா! நான் இடிக்கலேன்னாலும் காத்துல விழுந்திருக்கும்!" என்று டிராக்டரிலிருந்தே கத்தினான் ஓலி.

"ஆமா, நீ வர்ற நேரம் பாத்து நின்னுட்டிருந்துச்சு பாவம்!"

இங்காவுக்குக் கோபம் வரவில்லை. ஐந்து மாதப் போராட்டத்தில் அவள் ஜெயித்த நாள் அது. வசந்தத்தில் வாங்கிய ஒன்பது கோழிகளுக்குக் கூடு கட்டித் தரச் சொல்லி அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நாளைக்கு" என்று வால்டியும் சொல்லிக்கொண்டே இருந்தான். கோழிகள் காத்திருக்கவில்லை. வண்டிக் கொட்டகையில் உத்தரத்தில் ஏறிக்கொண்டு, கீழே நின்ற அவனுடைய வண்டிக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தன. வண்டிக் கண்ணாடியிலிருந்து மூன்றாவது முறை எச்சத்தைச் சுரண்டிய அன்று அவன் இறங்கி வந்தான்.

"புதுசாக் கட்ட நேரமில்ல. பனி வந்துரும். என் குடிசையை எடுத்துக்க. ஆனா ஒரு பேச்சு. ஒரே ஒரு கோழிக்குக் குளிர்ல கொண்டை கருகினாக்கூட குடிசை திரும்ப ஏரிக்குப் போயிரும். கோழிங்க ஓலியோட சூப்புப் பானைக்குப் போயிரும்."

"பானை எப்பவும் ரெடி" என்றான் அங்கே நின்ற ஓலி.

வின்னிபெக் ஏரிக்கரையில் ஒருவன் தன் மீன் குடிசையைக் கொடுப்பதென்றால் சும்மா இல்லை. ஏரி உறைந்ததும் அதைப் பனிக்கட்டியின் மேல் இழுத்துப்போய் வைத்து, குளிர்காலச் சனிக்கிழமைகளெல்லாம் வால்டி அதற்குள்தான் தவம் கிடப்பான். அதனால் வேலையையும் அவனே முன்நின்று செய்தான். தூண்டில் விடத் தரையில் வெட்டியிருந்த இரண்டு ஓட்டைகளையும் பலகையால் மூடினான். வைக்கோல் பரப்பினான். கோழிகள் உட்கார இங்கா உருண்டைக் கம்பு வேண்டாமென்று அகலப் பலகை கேட்டாள். அப்போதுதான் விரல்களின் மேலேயே உட்கார்ந்து அவற்றைச் சூடாக வைத்துக்கொள்ளுமாம். அதையும் அடித்துக் கொடுத்தான். தீப்பிடித்துவிடும் என்று அடுப்பைக் கழற்றி வெளியே வைத்தான். குடிசையை வடமேற்குக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி, கதவை மறுபக்கம் வைத்தான். கடைசியில் கூரையில் மிஞ்சிய புகைபோக்கி ஓட்டைக்குள் ஒரு பழைய கம்பளிக் கையுறையைத் திணித்தான்.

"முப்பது வருஷ அனுபவம்! ஒரு பொட்டுக் காத்து உள்ள போகாது" என்று சுவரைத் தட்டிக் காட்டினான்.

அது உண்மைதான். முதல் கடுங்குளிர் வாரத்தில் இங்கா கதவைத் திறந்தாள். உள்சுவர் முழுக்க வெண்பனி பூத்திருந்தது. ஆணித் தலை ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பனிப்பூ. வைக்கோல் சொதசொதவென்றிருந்தது. சிவப்புக் கோழியின் கொண்டை நுனி மட்டும் வெளுத்திருந்தது.

கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு எட்டிக் கையுறையைப் பிடுங்கி எறிந்தாள்.

மறுநாள் அது திரும்பவும் ஓட்டையில் இருந்தது.

"வால்டி! எதுக்கு அடைச்ச?"

"மைனஸ் முப்பது! கூரையில ஓட்டை வெச்சுக் கோழிக்குக் காத்து வாங்கிக் கொடுக்கிறியா?"

"நீ உள்ள இருந்தப்ப அடுப்பு இருந்துச்சு. ஈரமெல்லாம் புகையோட மேல போயிருச்சு. இப்ப ஒன்பது கோழியும் விடற மூச்சு எங்க போகும்? கொண்டையில உக்காந்து உறையுது. குளிர் கொல்லாது, ஈரம்தான் கொல்லும்."

"மீன் குடிசையைப் பத்தி எனக்கே பாடமா?"

"மீன் குடிசையைப் பத்தி இல்ல. உனக்குக் குடிசை திரும்ப வேணும், அதான் அடைக்கிற!"

வால்டி தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தான்.

அப்புறம் ஒரு வாரம் கையுறைக்கு ஓய்வே இல்லை. இவள் பிடுங்குவாள், அவன் திணிப்பான். ஏழாம் நாள் அவன் உள்ளே போய் வெகுநேரம் நின்றதையும், விரலால் சுவரைச் சுரண்டிப் பார்த்ததையும் இங்கா திறந்த குடிசைக் கதவு வழியே கவனித்தாள். அது அவளுக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

மறுநாள் மதியம் பனிப்புயல் எச்சரிக்கை வந்தது. இங்கா ஓடிப்போய்த் தீனியும் தண்ணீரும் நிரப்பி, கையுறையைப் பிடுங்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டு வந்தாள். காற்று ஊளையிட ஆரம்பித்த நேரத்தில் வால்டி சுத்தியலோடு வெளியே போனான். அரைமணி கழித்துப் புருவமெல்லாம் வெள்ளையாகத் திரும்பினான்.

"அடைச்சுட்டியா?"

"வேலை முடிஞ்சுது."

போய்ப் பார்க்க இங்காவுக்கு இனி வழியில்லை. ஒன்றரை நாள் ஜன்னலிலிருந்து குடிசையே தெரியாத அளவுக்குப் பனி கொட்டியது. ஏழடுக்குக் கொடிமுந்திரி கேக்கைத் தனக்கு மட்டும் வெட்டிக்கொண்டு, அவனைப் பார்க்கவைத்தே சாப்பிட்டாள். மனசு மட்டும் ஓலியின் பானையையே சுற்றிக்கொண்டிருந்தது.

காற்று ஓய்ந்ததும் இருவரும் மண்வாரியோடு இறங்கினார்கள். திறந்த ஏரியில் பனியைக் காற்றே அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே கொட்டகையும் மரங்களும் தடுத்ததால், சுற்றிவந்த பனியெல்லாம் குடிசையின் காற்று படாத பக்கத்தில் இறங்கி, வால்டி பார்த்துப் பார்த்துத் திருப்பிய கதவை மேல்விளிம்பு வரை மூடியிருந்தது.

"முப்பது வருஷ அனுபவம்" என்றாள் இங்கா.

வால்டி தலை நிமிராமல் தோண்டினான்.

கதவு திறந்தது. உள்ளே சுவர் காய்ந்திருந்தது. வைக்கோல் மொறமொறத்தது. ஒன்பது கொண்டைகளும் ரத்தச் சிவப்பு. சிவப்புக் கோழி, இவ்வளவு நேரமா என்பதுபோல் அவர்களைத் திட்டித் தீர்த்தது.

இங்கா அண்ணாந்து பார்த்தாள். ஓட்டை திறந்தே இருந்தது. அதற்குமேல், பனி உள்ளே விழாதபடி, வளைத்து ஆணியடித்த தகர மூடி ஒன்று குடைபிடித்தது. அந்தப் பச்சைத் தகரத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"உன் தூண்டில் வாளியையா வெட்டின? அப்ப இந்த வருஷம் மீன் பிடிக்கப் போறதில்லையா?"

வால்டி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். ஓலி எங்கும் தென்படவில்லை.

"நாலு வருஷமா நம்ம வீட்டுக்கு வந்த மீனெல்லாம் ஓலி பிடிச்சது, இங்கா."